நிற்கிற அம்பாசடரில் கரன்ட் எங்கே போகிறது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பள்ளத்தூர் வீட்டு கார் ஷெட்டில் ஐயா வாங்கிய 1986 பெட்ரோல் அம்பாசடர் நிற்கிறது. பொங்கலுக்கு, சிவராத்திரிக்கு, ஏதாவது கல்யாணத்துக்கு என்று வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான் ஊருக்கு வருகிறீர்கள். வரும்போதெல்லாம், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. நான்கு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியாயிற்று. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. வலது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறது. மொத்த வயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் வீட்டிலேயே நாமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். வயரிங்கைப் பிடுங்க விடாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேலாகக் காரைக்குடியில் வண்டி வயரிங் பார்க்கிறவன் சொல்கிறேன், உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. நிற்கும்போது கரன்ட் எங்கோ கசிகிறது. ஓடும்போது கரன்ட் போகிற வழி அடைபட்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் பேட்டரி மேல் பேட்டரியாக வாங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து ஊருணியில் விழுகிறது. கால்வாயில் மண் மேடிட்டிருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும், இந்தப் பக்கம் சொட்டுத்தான் வரும். வோல்டேஜ் என்பது தண்ணீர் மட்டம் மாதிரி. முக்கியமான விஷயம், தண்ணீர் ஓடாமல் சும்மா நிற்கும்போது, கால்வாய் விரல் அகலம்தான் திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகவே இருக்கும். ஓடும்போதுதான் அடைப்பு தெரியும். வண்டியிலும் அப்படியே. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால், பேட்டரியிலிருந்து நேராக வரும் எந்த வயரிலும் 12 வோல்ட் காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 10 ஆம்பியர் வரை அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு நீள வயரும் நுனியில் கிளிப்பும் போட்டுக்கொள்ளுங்கள். இதுதான் டெஸ்ட் லேம்ப். சில இடங்களில் மீட்டரை விட இதைத்தான் நான் நம்புவேன். வயருக்குள் இருபது இழை அறுந்து ஒரே இழை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். அறுந்த வயரால் கொடுக்க முடியாது, பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இதோடு ஸ்பேனர், உப்புத்தாள், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று.

கை வைப்பதற்கு முன் மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியின் லைவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் பட்டால் நொடியில் பழுத்துவிடும், விரலோடு. பேட்டரியைக் கழற்றும்போது பாடிக்குப் போகிற எர்த் வயர் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். இன்னொன்று, எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வருடத்து வண்டியில் நெகட்டிவ்தான் எர்த்தாக இருக்கும். ஆனால் அதற்கெல்லாம் முந்தைய சில பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அதில் மேலோட்டமாகப் பார்த்து பேட்டரியை மாற்றி மாட்டிக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பேட்டரி. சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் அளவுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே போனால் காலி. மூடி கழற்றும் பேட்டரியாக இருந்தால் ஆறு அறையிலும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்கள். ஐந்து அறை 1.250 காட்டி ஆறாவது மட்டும் 1.180 காட்டினால் அந்த அறை போய்விட்டது, எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பயனில்லை. ஆறும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பேட்டரி கெடவில்லை, பட்டினி கிடக்கிறது. உங்கள் பழைய மூன்றில் குறைந்தது இரண்டு இப்படிப் பட்டினியில் செத்தவை என்றுதான் நினைக்கிறேன். காலியான பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் விட்டால் உள்ளே தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், எவ்வளவு நல்ல கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். சார்ஜ் போடுவதைக் காற்றோட்டமான முகப்பில் வைத்துச் செய்யுங்கள், உள் அறையில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

பேட்டரி நிறைந்திருக்கிறது என்று உறுதியான பிறகு, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரை செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் அறவே செத்துவிட்டால் பேட்டரி முனையிலோ கிளாம்பிலோ கோளாறு, அல்லது செல்ஃப் இறுகியிருக்கிறது. வெளிச்சம் அப்படியே இருந்து செல்ஃப் அசையவே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை. நடுத்தரமாக மங்கி, செல்ஃபும் நோயாளி மாதிரி சுற்றினால் வழியில் அடைப்பு.

அடைப்பைக் கண்டுபிடிக்கிற முறைதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. பொறிக்குக் கரன்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றிவிடுங்கள், அப்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்தில், கிளாம்பில் அல்ல கம்பத்திலேயே, குத்துங்கள். மறுமுனையை செல்ஃப் மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில். செல்ஃபை நான்கைந்து நொடி சுற்றச் சொல்லுங்கள். மீட்டர் காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 2 காட்டினால் அந்த வழியில் எங்கோ மண் மேடு. மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக முன்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில், கிளாம்புக்கும் கேபிளுக்கும் நடுவில், செல்ஃபுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சோலனாய்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் நோய். ஒரு கால் மணி நேர வேலை, ஒரு பாகமும் கழற்ற வேண்டியதில்லை.

பிறகு இதையே எர்த் பக்கம் செய்யுங்கள். பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் மறுமுனை. செல்ஃப் சுற்றும்போது 0.2, 0.3க்கு மேல் போகக்கூடாது. இந்தப் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பல வருடத்துக்கு முன் தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டு அம்பாசடர். செல்ஃப் மோட்டாரை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். செல்ஃப் எடுக்கும்போது சோக் கம்பி சூடாகிப் புகைகிறது என்று டிரைவர் சொன்னார். அதைக் கேட்டவுடனே குனிந்து பார்த்தேன். இன்ஜின் வேலை பார்த்தவர்கள் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் பின்னல் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃப், சோக் கம்பி வழியாகவும் ஆக்சிலேட்டர் கம்பி வழியாகவும் திரும்பிப் போகப் பார்த்திருக்கிறது. ஒரு பட்டை, இரண்டு போல்ட், வேலை முடிந்தது.

உங்கள் இண்டிகேட்டர் மினுக்கலும் எர்த் நோய்தான், இதை வண்டியைப் பார்க்காமலே எழுதித் தருவேன். பின்விளக்குக் கூண்டில் இண்டிகேட்டர் பல்பு, பிரேக் பல்பு, பார்க் பல்பு எல்லாம் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கூண்டு பாடியோடு சேருமிடம் துருப்பிடித்தால் இண்டிகேட்டருக்கு வந்த கரன்ட்டுக்கு வெளியேற வழி இல்லை. மடை அடைபட்ட தண்ணீர் வரப்பை உடைத்துப் பக்கத்து வயலுக்குப் போவது போல, பிரேக் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய் வேறு பல்பின் எர்த்தைத் தேடும். அதனால்தான் சேர்ந்து மினுங்குகிறது. சோதிப்பது எளிது. இண்டிகேட்டரைப் போட்டு, பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து நீள வயர் இழுத்து மீட்டரின் கறுப்பு முனையில் சேர்த்து, சிவப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோக உடம்பில் வையுங்கள். 0.1, 0.2 என்று இருக்க வேண்டும். பல்பு எரியும்போதெல்லாம் 2, 3 என்று ஏறினால் எர்த் இல்லை. அந்த நீள வயரை நேராக ஹோல்டர் உடம்பில் தொட்டுப் பாருங்கள், மினுக்கல் நின்றுவிடும். பிறகு கூண்டைக் கழற்றி, திருகு போகும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, தனியாக ஒரு எர்த் வயரும் கொடுத்துவிடுங்கள்.

சுரண்டுவது பற்றி ஒரு வார்த்தை. செம்பு முனையில் பச்சையாகப் பிடித்திருப்பது, வீட்டுப் பித்தளை அண்டாவில் பிடிக்கிற அதே களிம்புதான். அதனால் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார்கள். களிம்பு போகும். ஆனால் புளியின் அமிலம் இழைகளுக்கு உள்ளே ஊறி நின்று, பிறகு உள்ளிருந்தே அரிக்கும். அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கலாம், வயரைக் கழுவ முடியாது. வயர் முனைக்கு உப்புத்தாள் போதும். பேட்டரி கிளாம்பில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றித் துலக்குங்கள், கரைசல் பேட்டரி அறைக்குள் மட்டும் போகக்கூடாது. துடைத்து இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிடுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் 1953 ஜனவரி 14 பொங்கலன்று திறக்கப்பட்ட சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே ஆராயப்படும் பெரிய துறைகள். உங்கள் காரின் நோய்கள் இரண்டும் அந்த இரண்டில் அடங்கிவிடும்.

ஹெட்லைட்டுக்கும் அதே முறைதான். விளக்கை எரியவிட்டு, பேட்டரியில் எவ்வளவு, பல்பின் முனையில் எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரியில் 12.4, பல்பில் 10.6 என்றால் 1.8 வோல்ட் வழியில் சூடாகப் போகிறது. பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும், ஆகவே இது சின்ன விஷயமில்லை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிப் சுவிட்ச், அங்கிருந்து ரேடியேட்டர் பக்கத்தில் வயர்களைச் சேர்க்கும் புல்லட் கனெக்டர், பிறகு பல்பு. முதலில் அந்த புல்லட் கனெக்டர்களைத்தான் சந்தேகப்படுங்கள். கருப்பு ரப்பர் உறைக்குள் உருவி எடுத்தால் களிம்பு தெரியும். வயர் நிறங்களை யாரும் மாற்றியிருக்காவிட்டால் லூக்காஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய முறைதான். நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது, ஊதா எப்போதும் ஃப்யூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். பழைய அம்பாசடர்களில் பெரும்பாலும் இரண்டே ஃப்யூஸ், ஹெட்லைட் வயருக்கு அதுவும் கிடையாது. அதில் கொண்டுபோய் 100 வாட் பல்பு போடாதீர்கள். ஜோடிக்கு கிட்டத்தட்ட 17 ஆம்பியர் அந்த நாற்பது வருடத்துச் சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் உருகும். சாதாரண 60/55 வாட் பல்பு போட்டு, சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே ஒன்றை ஃப்யூஸோடு வைத்து, பேட்டரியிலிருந்து நேர் வயர் கொடுத்தால் பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தூக்கினால் போதும்.

சார்ஜ் ஏறுகிறதா என்பது அடுத்தது. பானட்டைத் திறந்து பாருங்கள். பெல்ட்டில் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது நீளமான ஒல்லி உருளையாக இருந்தால் டைனமோ, குட்டையாகக் குண்டாக, காற்றுப் போக இடைவெளி விட்ட அலுமினியக் கூடாக இருந்தால் ஆல்டர்னேட்டர். இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே பார்த்தே ஆக வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பேட்டரி முனையில் அளவுங்கள். ஆல்டர்னேட்டர் என்றால் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள், டயோடு போய்விடும்.

டைனமோ என்றால் ஐடிலிங்கில் சார்ஜ் ஆகாது, சிவப்பு விளக்கு லேசாக எரிவதும் இயல்பு. வேகம் கூடினால் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, டைனமோவில் உள்ள இரண்டு முனையையும் ஒரு சின்ன வயரால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, படிப்படியாக வேகம் கூட்டுங்கள். வோல்டேஜ் தடுமாறாமல் ஏறினால் டைனமோ நல்லது, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் பெட்டியில் கோளாறு. 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள். அரை, ஒரு வோல்ட்டில் நின்றால் சுற்றாமல் நிற்கும் ஃபீல்டு சுருள், நான்கைந்தில் நின்றால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர், கார்பன் பிரஷ்ஷையும் பாருங்கள். கட்டவுட் பெட்டிக்குள் திருகைத் திருப்பி சரிசெய்வதை மட்டும் வீட்டில் வேண்டாம் என்பேன். அதை அனுபவப்பட்ட கையிடம் விடுங்கள்.

இப்போது கசிவு. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். சாவி எடுத்திருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் எடுத்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். அசல் வயரிங் மட்டும் உள்ள இந்த வண்டியில் பூஜ்யம் காட்ட வேண்டும். பாட்டுப் பெட்டி மாட்டியிருந்தால் அதன் நினைவுக்கு 0.02, 0.03 போகும். 0.25 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி 240 மணி நேரத்தில், பத்தே நாளில் வற்றிவிடும். 0.05 என்றாலே ஐம்பது நாள்தான். நீங்கள் நான்கு மாதம் கழித்து வருகிறீர்கள்.

கசிவு இருந்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவினால் எண் விழுகிறதோ அந்த வழி. ஃப்யூஸ் உருவியும் விழாவிட்டால் பிற்காலத்தில் மாட்டியவற்றைத் தேடுங்கள், ரிவர்ஸ் மியூசிக், ஃபாக் லைட், பாட்டுப் பெட்டி. பிறகு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், டயோடு கசிவது அடிக்கடி காண்பது. அப்புறம் எலி. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஆள் புழக்கம் இல்லாத பகுதிகளில் எலிக்குக் குறைவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, வயர் உரிந்து செம்பு தெரிகிறதா என்று கை விட்டுத் தடவாமல் கண்ணால் பாருங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் நான்கு மாதம் நிற்கும் பேட்டரி நம் ஊர் வெயிலில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஊருக்குக் கிளம்பும் அன்று எர்த் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், அல்லது திருகு கைப்பிடி உள்ள பேட்டரி சுவிட்ச் ஒன்று மாட்டிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். செல்ஃப் எடுத்த கரன்ட் ஐந்து நிமிட ஐடிலிங்கில் முழுதாகத் திரும்பும் என்று நம்ப முடியாது, டைனமோவாக இருந்தால் ஒன்றுமே திரும்பாது. மாதம் ஒரு தடவை பகலில் பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ ஒரு நடை ஓட்டிவிட்டு வரட்டும், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். அது முடியாதென்றால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கி மாதம் ஒரு நாள் போடச் சொல்லுங்கள்.

அடுத்து ஊருக்கு வரும்போது முதலில் மூன்று எண்ணை மட்டும் எடுங்கள். செல்ஃப் சுற்றும்போது பாசிட்டிவ் பக்கத்தில் தொலைந்தது, எர்த் பக்கத்தில் தொலைந்தது, வண்டி நிற்கும்போது கசிவது. டைனமோவா ஆல்டர்னேட்டரா என்பதோடு சேர்த்து அந்த மூன்றையும் எழுதுங்கள், எதை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.